'தீபாவளி'யும் 'கூலி'யும்: இரண்டு ஜமைக்கத் தாளத்தளங்களும் கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ப்பாடலும்

முன்னுரை

மலேசியத் தமிழ் இளைஞர்களின் சொல்லிசைப் பாடல்களைக் குறித்துத் தமிழாசிரியர்களிடையே பேச்சு எழும்போதெல்லாம் ஒரு குறை தவறாமல் எடுத்துரைக்கப்படுகின்றது. பாட்டு அவர்களுடையதன்று, பிறர் அமைத்த இசையின்மேல் ஏறி நின்று பேசுகின்றனர் என்பதே அது. இக்குறையைக் கூறுவோர் தமிழ்மேல் பற்றுடையோர். அவர்தம் அக்கறையை ஐயுறுவதற்கில்லை. ஆயினும், ஒருவர் அமைத்த இசையின்மேல் மற்றொருவர் பாடுவது தன்னளவிலேயே குறையாகுமா என்ற வினா நம்மிடையே போதிய அளவு எழுப்பப்படவில்லை எனலாம்.

இவ்வினாவை இக்கட்டுரை சற்றுத் தொலைவிலிருந்து அணுகுகின்றது. ஜமைக்காத் தீவின் டான்ஸ்ஹால் இசையில் ஒரே இசைத்தளத்தின்மேல் பத்துப்பேரோ இருபதுபேரோ தத்தம் பாடல்களைப் பாடிப் பதிவுசெய்வது குறையன்று, அதுவே முறை. அத்தளத்தை அவர்கள் 'ரிடிம்' என்பர். 2002 முதல் 2004 வரையிலான காலப்பகுதியில் உலகெங்கும் ஒலித்த ரிடிம்களுள் இரண்டு, நமக்கு மிக நெருங்கிய பெயர்களைத் தாங்கியவை. ஒன்று 'டிவாலி', அதாவது தீபாவளி. மற்றொன்று 'கூலி டான்ஸ்'. வகுப்பில் இவ்விரு பெயர்களையும் கேட்ட மாணவர் ஒருவர், "ஐயா, ரெண்டும் நம்ம பேருதானே?" என்றார். அவ்வொரு கேள்விக்குரிய நீண்ட விடையாகவும் இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

ரிடிம் என்பது யாது?

தாளத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஜமைக்க ஒலிப்பே 'ரிடிம்'. ஆயினும் பொருளில் அது தாளம் மட்டுமன்று. முழவொலி, அடித்தந்தி எனப்படும் பேஸ் ஒலி, அவற்றோடு இழையும் ஓரிரு விசைப்பலகைத் தொடர்கள் ஆகியன சேர்ந்த, குரல் நீங்கிய முழு இசையே ரிடிம். தயாரிப்பாளர் ஒருவர் அதனை உருவாக்கி அதற்கொரு பெயரிடுவார். பின்னர்ப் பாடகர்கள் ஒவ்வொருவராக வந்து அதன்மேல் தம் சொல்லையும் தம் மெட்டையும் ஏற்றிப் பதிவு செய்வர். பாடல்கள் தனித்தனியே வெளிவரும். பிறகு ஒரே குறுவட்டில் தொகுக்கப்படும். அக்குறுவட்டைக் கேட்பவர்க்கு முதலில் சலிப்புத் தோன்றலாம். ஒரே இசை பதினைந்து முறை திரும்பத் திரும்ப வருகின்றதே என்பர். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் மாறாதது எது, மாறுவது எது என்பது புலப்படத் தொடங்கும்.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. 1960களின் பிற்பகுதியில் கிங்ஸ்டன் நகரின் ஸ்டூடியோ ஒன் நிறுவனத்தில் சவுண்ட் டைமென்ஷன் குழுவினர் வாசித்த 'ரியல் ராக்' என்னும் தளத்தின்மேல் அடுத்த தலைமுறைகளைச் சேர்ந்த பாடகர் பலர் பாடியுள்ளனர். 1985-இல் கிங் ஜாமி வெளியிட்ட, வெய்ன் ஸ்மித் பாடிய 'ஸ்லெங் டெங்', கேசியோ நிறுவனத்தின் சிறிய விசைப்பலகையொன்றில் முன்னரே பதிந்து வைக்கப்பட்டிருந்த தாளத்திலிருந்து பிறந்தது. வாத்தியக்குழு இன்றியே ரிடிம் அமைக்கலாம் என்பதை நிலைநாட்டிய பதிவு அது. அதன்பின் டான்ஸ்ஹால் இசை பெருமளவு கணினிவழி இசையாயிற்று.

தமிழில் இதற்கு நிகர் இல்லையா? உண்டு. ஒன்றுக்கு மேற்பட்டவை உள்ளன. அவை ஒன்றினின்று ஒன்று வேறுபடுவதே இங்குச் சிந்திக்கத்தக்கது. சிறுநூல்களிலும் நாடகப் பாட்டுப் புத்தகங்களிலும் பாடலின் தலைப்பிலேயே இன்ன பாட்டின் 'வர்ணமெட்டு' என்று அச்சிடும் வழக்கத்தை நாம் அறிவோம். பாரதியாரும் தம் பாடல்கள் சிலவற்றுக்கு மெட்டைக் குறித்தே எழுதினார். கும்மியும் சிந்தும் ஒரே நடையில் எத்தனையோ பொருள்களைச் சுமந்தன; பெண் விடுதலையைப் பாடப் பாரதியார் கும்மியைத் தேர்ந்தார். அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்துக்குக் கொடுத்த நடை, அவருக்குப்பின் வந்தோர்க்கெல்லாம் பொதுச்சொத்தாயிற்று. நம் நாட்டுத் தோட்டப்புறப் பாடல்களிலும் இதே நிலைதான். முத்தம்மாள் பழனிசாமி போன்றோர் அரிதின் முயன்று தொகுத்த பாடல்களைப் படிப்போர், ஊரிலிருந்து வந்த பழைய தாலாட்டின், ஒப்பாரியின் அச்சில் ரப்பர் மரமும் கங்காணியும் புகுந்துகொள்வதைக் காண்பர். அப்பெண்களை எவரும் பிறர் மெட்டைத் திருடியவர் என்று குறைகூறியதில்லை.

எனினும், வர்ணமெட்டும் ரிடிமும் ஒன்றல்ல. மெட்டில் இராகப் போக்கு கட்டுண்டது. சொல் மட்டுமே மாறும். திருப்புகழ்ப் பதிப்புகளில் பாடலுக்கு மேலே தனதன என்று அச்சிடப்படும் சந்தக்குழிப்பை எடுத்துக்கொண்டால், அங்கு அசையின் அளவே கட்டுண்டது. குறிலும் நெடிலும் எங்கு விழவேண்டும் என்பது முன்னரே முடிவாகிவிடுகின்றது. ரிடிமோ இவ்விரண்டையும் பாடுபவர் விருப்பத்துக்கே விட்டுவிடுகின்றது. இராகமும் அவருடையது, அசையும் அவருடையது. காலத்தின் நடையும் அதன் அழுத்தமும் மட்டுமே கொடுக்கப்பட்டவை. எனவே, 'பிறர் மெட்டில் பாடுகிறார்கள்' என்ற குற்றச்சாட்டு ரிடிம்மேல் பாடுவோர்க்குச் சொல்லளவிலேயே பொருந்தாது. அவர்கள் பிறர் தரையில் நிற்கின்றனர், மெட்டு அவர்களுடையது.

தீபாவளித் தளம்

ஸ்டீவன் மார்ஸ்டன் என்னும் இயற்பெயருடைய 'லெங்கி' 2002-இல் அமைத்தது டிவாலி ரிடிம். இதனைக் கேட்போர் முதலில் உணர்வது கைத்தட்டல். மேளம் செய்யவேண்டிய பணியைப் பெரும்பாலும் கைத்தட்டல் ஒலியே செய்கின்றது. நம் கும்மியிலும் தாளத்தைச் சுமப்பது கைதான். ஆனால் கும்மியில் கை விழும் இடம் காலடி விழும் இடமே. கேட்பவர் எதிர்பார்க்கும் இடத்தில் அது விழும். லெங்கியின் தளத்தில் தட்டல்கள் எதிர்பார்த்த இடத்திற்குச் சற்று முன்னும் பின்னுமாக விழுகின்றன. டான்ஸ்ஹால் இசையில் பரவலாகக் காணப்படும் 3+3+2 என்னும் பகுப்பு, அதாவது தகிட தகிட தக, இங்குக் கைத்தட்டலாகவே கேட்கின்றது. எட்டு மாத்திரையை 4+2+2 என்று பகுத்துப் பழகிய நம் செவிக்கு இது புதிதன்று என்றாலும் நிலைகொள்ளாமல் நழுவுவதுபோல் இருக்கும். மாணவரை ஒரு கையால் ஆதிதாளமும் மறுகையால் தகிட தகிட தகவும் போடச் சொன்னால் எட்டாம் மாத்திரைக்குப்பின் இரண்டும் ஒன்று சேருவதை அவர்களே கண்டுகொள்வர். யாப்பு நடத்தும் ஆசிரியர்க்கு இதைவிட எளிய கருவி கிட்டாது.

இத்தளத்தின்மேல் பாடியோருள் நால்வரை மட்டும் இங்கு எடுத்துக்கொள்கின்றோம். ஷான் பால் பாடிய 'கெட் பிஸி' 2003 மே மாதத்தில் அமெரிக்க பில்போர்டு வரிசையில் முதலிடம் எட்டியது. அதில் அவர் குரல் ஏறக்குறைய ஒரே சுரத்தில் நிற்கின்றது. இராகத்தைச் சுருக்கிக்கொண்டு, அசைகளை எண்ணிக்கையால் அடுக்கி, தட்டல்களுக்கிடையே உள்ள வெற்றிடங்களையெல்லாம் நிரப்புகிறார். நடுவே பெண்களின் பெயர்களைப் பட்டியலாக அழைக்கும் பகுதி, கூத்தில் கட்டியக்காரன் அவையோரை விளிப்பதை ஒத்தது. வெய்ன் ஒண்டர் பாடிய 'நோ லெட்டிங் கோ' இதற்கு நேரெதிர். அதே தட்டலின்மேல் நீண்ட இழைப்புடன் ஒரு காதற்பாடல். தட்டலை அவர் நிரப்புவதில்லை, அதன்மேல் மிதக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்போர் தளம் ஒன்றே என்பதை ஒருகணம் மறந்துவிடுவர்.

மூன்றாமவர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்த லூமிடி என்னும் இளம்பெண். 2003-இல் வெளிவந்த அவர்தம் 'நெவர் லீவ் யூ' அமெரிக்க வரிசையில் மூன்றாமிடம் வரை சென்றது. அவர் குரல் பயிற்சி பெற்ற குரலன்று. சுருதியில் சற்று விலகியே நிற்கும். இசையாசிரியர் எவரும் மதிப்பெண் குறைப்பர். ஆனால் மொட்டைத்தட்டலின்மேல் அக்குரல் நிற்கும்போது, முற்றத்தில் பாத்திரம் துலக்கிக்கொண்டே தனக்குத்தானே பாடும் ஒருத்தியைக் கேட்பதுபோல் உள்ளது. அதுவே அப்பாடலின் வலிமை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. வேறொரு நிறைவான இசையமைப்பில் அக்குரல் மறைந்துபோயிருக்கும். தளத்தின் வறுமை இங்குக் குரலுக்கு இடம் கொடுத்தது.

நான்காவது, பவுண்டி கில்லர் பாடிய 'சஃபரர்'. வறியோரைக் குறிக்க ஜமைக்கர் வழங்கும் சொல் அது. உலக வரிசைகளில் மேற்கூறிய மூன்றுக்கும் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்கவில்லை. கிங்ஸ்டன் சேரி மக்களின் துன்பத்தை, ஷான் பால் ஆடச் சொன்ன அதே தட்டலின்மேல் நின்று கரகரத்த குரலில் அவர் முன்வைக்கிறார். நம் திறனாய்வு மரபில் உவகைக்குரிய சந்தம் வேறு, அவலத்துக்குரிய சந்தம் வேறு என்று பகுத்தே பழகிவிட்டோம். ஒரே தளம் இரண்டையும் தாங்கும் என்பதை இப்பாடல் காட்டுகின்றது. அதே கைத்தட்டல் இப்போது விழாத்தட்டலாக ஒலிப்பதில்லை. கதவைத் தட்டுவதாக ஒலிக்கின்றது.

நால்வரில் எவரும் தீபாவளியைப் பாடவில்லை. பெயர் தளத்துக்குத்தான், பாடல்களுக்கன்று.

கூலி என்னும் சொல்

டிவாலியின் வெற்றியை அடுத்து 2003, 2004 ஆண்டுகளில் பரவியது கோர்டெல் 'ஸ்காட்டா' பரெல் அமைத்த 'கூலி டான்ஸ்'. விரைந்த முழவடிகளும் தட்டலும் நெருங்கிப் பின்னிய தளம் அது. எலிஃபன்ட் மேன், மிஸ்டர் வேகஸ் ஆகிய ஜமைக்கப் பாடகர் அதன்மேல் பாடினர். நியூயார்க் நகரத்து இரட்டைச் சகோதரியரான நீனா ஸ்கை குழுவினர் 2004-இல் பாடிய 'மூவ் யா பாடி' அமெரிக்க வரிசையில் நான்காமிடம் எட்டியது. அதே ஆண்டில் மயாமியைச் சேர்ந்த பிட்புல் 'கூலோ' என்ற பாடலை இத்தளத்தின்மேல் வெளியிட்டார். கூலிக்கும் கூலோவுக்கும் உறவில்லை. பின்னது உடலின் பின்புறத்தைக் குறிக்கும் ஸ்பானியக் கொச்சைச் சொல். வேர்ச்சொல் ஆய்வில் விரைவுடையோர் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய இடம் இது.

பாடல்கள் என்ற நிலையில் டிவாலித் தொகுதியைவிடக் கூலித் தொகுதி தாழ்ந்ததே. தளம் மிக நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால் பாடுவோர்க்கு இடம் குறைவு. எலிஃபன்ட் மேன் அந்நெருக்கத்தோடு போட்டியிட்டுக் கூவுகிறார். நீனா ஸ்கை சகோதரியர் மட்டும் போட்டியிடாமல் மெல்லிய குரலில் ஒதுங்கிப் பாடினர். வெற்றியும் அவர்களுக்கே கிடைத்தது. பொருளளவில் இவை அனைத்தும் ஆட்டத்தையும் உடலையும் பற்றியவை. அதற்குமேல் தேடுவது வீண். 'சஃபரர்' போன்றதொரு குரல் இங்கு இல்லை என்பதே கூலி என்ற பெயரைத் தாங்கிய தளத்துக்கு நேர்ந்த இழப்பு.

அப்பெயரைச் சற்று நின்று நோக்குவோம். திருக்குறளின் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் கூலி என்னும் சொல் உடல் வருந்தி முயன்றதற்குக் கிடைக்கும் பயன் என்ற பொருளில் வருகின்றது. அங்கு அது இழிவன்று, மதிப்பு. காலனிய ஆட்சியில் இச்சொல் கப்பலேறியது. குஜராத்துக் கோலி இனத்தாரின் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உளர். தமிழ்க் கூலியிலிருந்து வந்தது என்பாரும் உளர். இரண்டும் கலந்தது என்று கொள்வதே பொருத்தம் போலும். எவ்வாறாயினும், ஊதியத்தைக் குறித்த சொல் ஊதியம் பெறும் ஆளைக் குறிக்கலாயிற்று. பிறகு அவ்வாள் பிறந்த இனத்தையே குறிக்கலாயிற்று. ஜமைக்காவுக்கு 1845-இல் முதற்கப்பல் சென்றது முதல் ஏறத்தாழ 36,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகத்தின் வழியாகச் சென்ற வடபுலத்தார். சென்னை வழியாகச் சென்றோர் சிறுபான்மையர். அவர்களின் வழித்தோன்றல்களைக் குறிக்கும் வசைச்சொல்லாக இன்றும் 'கூலி' அங்கு வழங்குகின்றது. அண்மைக் கயானாவில் சென்னை வழியாகச் சென்றோரின் மாரியம்மன், காளி வழிபாட்டில் தப்பு இன்னும் ஒலிக்கின்றது. ஆனால் அத்தப்பிலிருந்து ஸ்காட்டாவின் தளம் பிறந்தது என்று கூறுவது ஆசையே தவிர ஆய்வாகாது.

மலாயாவில் இச்சொல்லுக்கு நேர்ந்ததை இவ்விதழின் வாசகர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1910-இல் ஒப்பந்த முறையும் 1938-இல் கங்காணி முறையும் முடிவுக்கு வந்தபின்னும் சொல் நின்றது. மலாய் மொழியிலும் 'குலி' ஆயிற்று. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களிலிருந்து நகரக் குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் இச்சொல்லை வீட்டில் கேட்டறியார். கைகலப்பில் வசையாகக் கேட்டறிவர். அப்பிள்ளைகள் 2004-இல் கோலாலம்பூர் நடனக்கூடங்களில் 'மூவ் யா பாடி'க்கு ஆடியிருக்கக்கூடும். அத்தளத்தின் பெயர் தங்கள் பாட்டனின் பதிவேட்டிலிருந்த பெயர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பாடலின் தலைப்பிலோ வரிகளிலோ அது இல்லை. பெயர் நம்முடையதாக இருப்பதால் இசை நம்முடையதாகிவிடாது என்பதே மாணவர்க்கு அன்று கூறிய விடை. முழுவிடை அதுவன்று என்பது பின்னர்த் தோன்றியது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தளங்கள்

1998-இல் முதல் ஆல்பத்தை வெளியிட்ட பொயட்டிக் அம்மோ குழு, ஆங்கிலத்தோடு தமிழையும் சொல்லிசை மேடைக்குக் கொண்டுவந்தது. அக்குழுவின் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோருடன் 'யோகி பி & நட்சத்திரா' என்ற பெயரில் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் பரவியது. அதில் இடம்பெற்ற 'மடை திறந்து', 1980-இல் பாரதிராஜா இயக்கிய 'நிழல்கள்' திரைப்படத்துக்காக இளையராஜா அமைத்த பாடலை அடித்தளமாகக் கொண்டது. 'பிறர் இசையின்மேல் ஏறி நின்றவர்' என்ற குறை மிகுதியும் எழுந்தது இப்பாடலைச் சுட்டித்தான்.

ரிடிம் முறையை அறிந்தபின் இப்பாடலைக் கேட்டால் குறை வேறிடத்தில் இருப்பது தெரியும். மூலப்பாடல், வேலையற்ற இளைஞரைப் பற்றிய படத்தில், இசைக்கலைஞனாக வெற்றிபெறக் கனவு காணும் ஒருவன் பாடுவது. அக்கனவின்மேல் மலேசியத் தமிழ் இளைஞர் தம் தன்னுரிமைப் பேச்சை ஏற்றியது பொருளறிந்த தேர்வு. வெறும் ஒட்டு அன்று. ஆனால் டான்ஸ்ஹால் முறையில் அத்தளம் அவர்களோடு நின்றிருக்காது. அதே தளத்தின்மேல் செந்தூலிலிருந்து ஒருவர், கிள்ளானிலிருந்து ஒருவர், தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் என்று பலர் மறுமொழி பாடியிருப்பர். வல்லமை பேசிய குரலுக்கு அருகே ஒரு 'சஃபரர்' எழுந்திருக்கும். நமக்குக் கிட்டியது ஒரே பாடல், அது புகழ்பெற்றது, அதன்பின் ஒவ்வொரு குழுவும் தனக்கென ஓர் இசையைத் தேடிச் சென்றது. பிறர் தளத்தில் நின்றதன்று குறை. அத்தளத்தில் ஒருவர் மட்டுமே நின்றதுதான் குறை.

உண்மையில் இப்பள்ளத்தாக்கில் ஒரு ரிடிம் மரபு இருக்கின்றது. அது சொல்லிசையில் இல்லை. உறுமி மேளத்தில் இருக்கின்றது. தைப்பூசத்தன்று பத்துமலையில் காவடிகளுக்கு முன்னே செல்லும் குழுக்களைக் கேட்போர் அறிவர். வளைந்த குச்சியால் தோலைத் தேய்த்து எழுப்பும் அந்த உறுமலும் அதைச் சுற்றிய தப்பும் ஒரு தளம். குழுவுக்குக் குழு, ஆண்டுக்கு ஆண்டு அதன்மேல் ஏறும் சொற்கள் மாறுகின்றன. முருகன் பாட்டு, அம்மன் பாட்டு, முனியாண்டி பாட்டு, திரைமெட்டில் அமைந்த பக்திப்பாட்டு எனக் கேட்போர் அவற்றை ஒப்பிட்டு எந்தக் குழு சிறந்தது என்று வாதிடுகின்றனர். கிங்ஸ்டன் தெருவில் நடப்பதும் இதுவே. எனினும் இவ்விளைஞர்களின் இரைச்சல், உடை, நடத்தை ஆகியன குறித்துத்தான் நம்மிடையே பேச்சு நிகழ்கின்றது. அவர்தம் பாட்டைக் குறித்து அன்று. ஒழுங்கு குறித்த கவலை பொருந்தியதாகவே இருக்கலாம். கோயில் வளாகத்தில் எது தகும், எது தகாது என்று கூறும் உரிமை கோயிலாருக்கு உண்டு. ஆனால் இரைச்சல் என்ற சொல்லோடு நின்றுவிடும் திறனாய்வாளர், நடை எந்த இடத்தில் இரட்டிக்கின்றது, பாடுபவர் எங்கு மூச்சு வாங்குகிறார் என்பதைக் கேளாமலே தீர்ப்பெழுதியவராவார்.

உறுமி கடல்கடந்த கதை ஒன்றும் உண்டு. இலண்டனில் வளர்ந்த ஈழத்தமிழ்ப் பாடகி எம்.ஐ.ஏ., 2007-இல் வெளிவந்த தம் 'கலா' ஆல்பத்துக்காகச் சென்னையில் உறுமிக் கலைஞர்களைக் கொண்டு மேளத்தைப் பதிவுசெய்தார். அவ்வால்பத்தின் 'பாய்ஸ்' பாடலுக்கான காட்சி ஜமைக்காவில் படமாக்கப்பட்டது. கிங்ஸ்டன் இளைஞர்கள் உறுமிக்கு ஆடும் அக்காட்சியை, கூலி டான்ஸுக்குக் கோலாலம்பூர் இளைஞர்கள் ஆடியதற்கு மறுதலையாக வைத்துப் பார்க்கலாம். 2016-இல் வெளிவந்த 'கபாலி' திரைப்படத்தின் பாடலொன்றில் மலேசியத் தமிழ்ச் சொல்லிசைக் கலைஞர் ரோஷன் ஜாம்ராக் குரல் கொடுத்தார். 'ஜாம்ராக்' என்பது ஜமைக்கர் தம் நாட்டுக்கு இட்ட செல்லப்பெயர். தோட்டப்பாட்டாளியின் கதையைக் கூறும் சென்னைப் படத்தில், ஜமைக்கப் பெயர்தாங்கிய மலேசியத் தமிழ்க்குரல்! மூவிடத்துப் பெயர்களும் ஒரே பாட்டில் வந்து கூடின.

எவருக்குக் கூலி?

ரிடிம் முறையை இவ்வளவு புகழ்ந்தபின் அதன் மறுபக்கத்தைக் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. ஜமைக்காவில் 1960களிலும் 70களிலும் தளங்களை வாசித்த கலைஞர்கள் பெரும்பாலும் பாட்டுக்கு இவ்வளவு என்ற கூலிக்கே வாசித்தனர். அத்தளம் பின்னர் நூறு பாடல்களாகப் பெருகியபோது அவர்களுக்குப் பங்கில்லை. பொதுத்தளம் என்ற அழகிய கருத்தின் அடியில் கிடப்பது அவர்கள் உழைப்பு. இந்நிலை 2000களில் ஓரளவு மாறியது. 'மூவ் யா பாடி'யின் பாடலாசிரியர் பட்டியலில் சகோதரியரோடு தளம் அமைத்த பரெலின் பெயரும் சேர்க்கப்பட்டது. பெயர் இருந்தால்தான் பங்கு. 2002-இல் ட்ரூத் ஹர்ட்ஸ் என்னும் அமெரிக்கப் பாடகியின் 'அடிக்டிவ்', 1981-ஆம் ஆண்டு 'ஜோதி' என்ற இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டைப் பெயர் கூறாமலே அடித்தளமாக எடுத்துக்கொண்டது. இசையமைத்த பப்பி லஹிரி வழக்குத் தொடுத்தார். அவர் பெயர் குறிக்கப்படாதவரை விற்பனை கூடாது என்று அமெரிக்க நீதிமன்றம் 2003-இல் ஆணையிட்டது. மும்பை இசையமைப்பாளருக்கு வழக்குரைஞர் இருந்தார்.

பத்துமலைப் படிகளின் கீழே உறுமி தேய்த்துப் பாடும் இளைஞருக்கு வழக்குரைஞர் இல்லை. பல வேளைகளில் அவர் பாட்டு பதிவாகும் குறுவட்டின் உறையில் அவர் பெயரும் இல்லை. குழுவின் பெயர் இருக்கும், அம்மன் படம் இருக்கும். அந்நடையை முதலில் இரட்டித்தவர் எவர், அவ்வரியை முதலில் கட்டியவர் எவர் என்று கேட்டால் குழுவின் மூத்தோர் வாயால் கூறுவர். அவர்களுள் பலர் இன்று ஐம்பதைக் கடந்தவர்கள். பாட்டைப் பதிந்த ஒலிநாடாக்கள் கிள்ளானிலும் செந்தூலிலும் வீட்டுப் பெட்டிகளில் ஈரம்பட்டுக் கிடக்கின்றன. இவ்வாண்டு இளங்கலை ஆய்வேட்டுக்குத் தலைப்புக் கேட்டு வந்த மாணவருள் அந்தக் கேள்வியை எழுப்பிய மாணவரும் ஒருவர். அவர் தெரிவு செய்தது, தம் தாய்மாமன் 1990களில் பாடிய ஓர் உறுமிக்குழுவின் பாடல்கள். முதற்கட்டமாக அவர் கொண்டுவந்த தாளில் பாட்டுகள் இல்லை; பதினொரு பெயர்கள் மட்டும் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர் தட்டியதா, தேய்த்ததா, பாடியதா என்ற குறிப்போடு.